ராயப்பேட்டையிலிருந்து வரும் அரபு வீட்டுச் சாப்பாடு

சென்னையில் அரபுச் சாப்பாடு என்று சொன்னால் ஷவர்மா, சுட்ட கோழி, தாம்பாளம் நிறைய மந்தி என்ற மூன்றுக்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. மந்தி, ஏமன் நாட்டின் ஹத்ரமௌத் பகுதியில் குழியடுப்பில் விருந்துக்கென்று சமைக்கப்படும் இறைச்சிச் சோறு. ஷவர்மாவையோ அரபு நாட்டுக்காரர்களே கடையில்தான் வாங்கித் தின்கிறார்கள். பருப்பும் கீரையும் கத்தரிக்காயும் அந்த வீடுகளின் அடுப்பில் என்ன ஆகின்றன என்பதைச் சொல்லும் சாப்பாடு இங்கே அரிது. ராயப்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகே ஓர் அம்மையார் தம் வீட்டிலேயே சமைத்து, வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அனுப்பிவைக்கிறார் என்று கேள்விப்பட்டதும், தொடர்ந்து நான்கு வாரம் வாங்கிப் பார்த்தேன்.

அவர் குவைத்தில் நெடுங்காலம் குடும்பம் நடத்தியவர். பாலஸ்தீனம், எகிப்து, லெபனான் எனப் பல நாட்டுப் பெண்கள் அண்டை வீட்டாராக இருந்ததால், கைப்பக்குவமெல்லாம் அவர்களிடம் கற்றதாம். புதன்கிழமை இரவுக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். இருவர் சாப்பாட்டுக்கு 900 ரூபாய் என்பது சற்றுக் கூடுதலாகத் தோன்றினாலும், அளவைப் பார்த்தபின் அந்தக் குறை எனக்கு இல்லை.

முதலில் வாங்கியது மக்லூபா. பெயருக்குப் பொருளே ‘கவிழ்த்தது’ என்பதுதான். சட்டியின் அடியில் இறைச்சி, அதன்மேல் பொரித்த கத்தரிக்காயும் காலிஃபிளவரும், அதற்கும் மேலே ஊறவைத்த அரிசி என்று அடுக்கி, இறைச்சி வெந்த சாற்றிலேயே வேகவிட்டு, பரிமாறும்போது தலைகீழாகத் தட்டில் சாய்க்கிறார்கள். இவர் அதைக் கவிழ்க்காமல் சட்டியோடே, துணி சுற்றி அனுப்புகிறார்; சட்டிக்கு முன்பணம் தனி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘கவிழ்த்தபின் பத்து நிமிடம் சட்டியைத் தொடாதீர்கள்.’ என் அம்மா சட்டியின் வாயில் பெரிய தாம்பாளத்தை வைத்து ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு, அந்தப் பத்து நிமிடமும் கரண்டிக் காம்பால் அடியைத் தட்டிக்கொண்டே இருந்தார். எடுத்தபோது அரிசி குலையாமல் நின்றது. கத்தரிக்காய்த் துண்டுகள் இரண்டு மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டன. இனிப்பேறிக் காந்தலாகியிருந்த அந்த இரண்டைத்தான் சுரண்டி எடுத்து முதலில் தின்றோம். மிளகாய் இல்லை, பட்டையும் மிளகும் ஏலமும் மட்டுமே தெரிகின்றன. பிரியாணி என்று எண்ணிக் கைவைப்பவர் ஏமாறுவார்.

என்னைக் கேட்டால், இந்தச் சமையலறையின் சிறப்பு முலூகியாதான். சாக்கு நெய்யும் சணல் செடியின் இலைதான் எகிப்தில் கீரையாகிறது. 996 முதல் 1021 வரை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல் ஹாக்கிம் இதைத் தடைசெய்தார். கீரை தப்பிப் பிழைத்துவிட்டது. பொடிப்பொடியாக நறுக்கிய இலை கோழிச் சாற்றில் வெந்ததும் வெண்டைக்காய்போல் கொழகொழப்பாகிறது. கடைசியில் பூண்டையும் தனியாவையும் நெய்யில் சிவக்கவிட்டு அதன் தலையில் கொட்டுகிறார்கள். அந்தச் ‘சொய்’யென்ற ஓசையோடு மூச்சை உள்ளிழுத்து ஒரு ‘ஹ்ஹ்’ போட்டால்தான் பதம் வரும் என்பது எகிப்தியப் பெண்களின் வழக்கம். தாளிப்பில் வளர்ந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. இங்கே வருவது உலர்ந்த இலையில் செய்தது என்பதால் பச்சை நிறம் சற்று மங்கல்தான். ஆனாலும் சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்தபோது, கொழகொழப்பு என்றாலே முகம் சுளிக்கும் என் மகள் இரண்டாம் முறையும் கேட்டாள்.

முஜத்தரா என்னும் சொல்லுக்கு அம்மைத் தழும்பு விழுந்தது என்று பொருள். சோற்றுக்கிடையே தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பார்த்தால், பெயர் வைத்தவர் உள்ளதை உள்ளபடி சொல்லும் ஆள் என்று புரிகிறது. சிரியாவிலும் லெபனானிலும் இது எளியவர் வீட்டு உணவு. சுவை முழுவதும் மேலே தூவும் வெங்காயத்தில் இருக்கிறது. கருகுவதற்கு ஒரு நொடி முன்பு இறக்கிய பழுப்பு நிறம் அது. தயிரோடு சாப்பிட வேண்டும். சைவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

குறைகளும் உண்டு. ஃபத்தூஷ் என்னும் காய்க் கலவையில் வறுத்த ரொட்டித் துண்டுகளை முன்கூட்டியே கலந்து அனுப்புவதால், திருவான்மியூர் வந்து சேர்வதற்குள் அவை நமுத்துவிடுகின்றன. தனிப் பொட்டலமாகக் கட்டினால் தீரும் சிக்கல். பட்டியலின் தலைப்பில் ‘அரபு நாடுகள்’ என்று போட்டிருக்கிறாரே தவிர, மொராக்கோ, துனீசியா பக்கத்து உணவு ஒன்றுகூட இல்லை. அல்ஜீரியாவும் மோரித்தானியாவும் அவ்விரு நாடுகளோடு சேர்ந்து 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றிய குஸ்குஸ், அதாவது ரவையை உருட்டி ஆவியில் வேகவைக்கும் உணவு, அதுவாவது இருந்திருக்கலாம். பஸ்பூசா என்ற ரவை இனிப்பில் பாகு அதிகம்.

பெரிய ஏமாற்றம், மீன் போட்ட மச்பூஸ். வளைகுடா நாடுகளின் இந்தச் சோற்றுக்கு உயிர் லூமி; அதாவது உப்புநீரில் வேகவைத்துக் கருக்கும்வரை வெயிலில் காயவைத்த எலுமிச்சை. நம் உப்பு நாரத்தங்காய்க்குத் தூரத்து உறவு. ஆனால் இதில் ஒரு புகைந்த கசப்பும் சேர்ந்து வரும். எனக்கு வந்த சோற்றில் அந்தக் கசப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. கரம் மசாலா வாசம்தான் மேலோங்கி நின்றது. அம்மையாரிடம் கேட்டேன். யாரோ ஒருவர், “சோத்துல கருகின எலுமிச்சம்பழம் கெடக்குதும்மா” என்று திருப்பி அனுப்பியதிலிருந்து லூமியைக் குறைத்துவிட்டதாகச் சொன்னார். வேண்டுபவர்கள் முன்பதிவின்போதே ‘லூமியைக் குறைக்க வேண்டாம்’ என்று எழுதிவிட்டால் போட்டுத் தருவாராம். வரும் வெள்ளிக்கு நான் அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன்.