பக்கத்து ஆஸ்பத்திரியோடு ஒப்பிடுவதா, நம் போன மாதத்தோடா?

மேலூர்ப் பக்கம் 40 படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் தரக் கணக்கு பார்ப்பது என் வேலை. ஆபரேஷனுக்குப் பின் தையலில் சீழ் வைப்பதை எதோடு வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மற்ற ஆஸ்பத்திரிகளின் விகிதத்தோடா, நம்முடைய பழைய மாதங்களோடா? நான் இரண்டாவதை எடுத்தேன்.

முதல் வழியின் நன்மை தெரிந்ததுதான்: நாம் எங்கே நிற்கிறோம் என்று புரியும், நிர்வாகத்திடம் பேச ஓர் எண் கிடைக்கும். ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எச்.-இன் அங்கீகாரம் வேண்டுமென்றாலும் இந்தக் கணக்கை மாதாமாதம் எழுதத்தான் வேண்டும்.

சிக்கல் எண்ணுவதில் இருக்கிறது. சீழ் பெரும்பாலும் வார்டில் தெரிவதில்லை. நோயாளி மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறார். எட்டாம் நாள் தையல் சிவந்தால் உள்ளூர் டாக்டரிடம் மாத்திரை வாங்கிக்கொள்கிறார். நம் ரிஜிஸ்டரில் அவர் நலமாகப் போனவர். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து 30 நாள், சில வகைகளுக்கு 90 நாள் வரை கவனிக்க வேண்டும் என்பது முறை. வீட்டுக்குப் போனவரை விசாரிக்காத ஆஸ்பத்திரியின் விகிதம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

நாங்கள் மாலை ஏழு மணிக்கு மேல், வயலிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து போன் போட ஆரம்பித்தோம். பல அட்டைகளில் இருந்தது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர். "அம்மாட்ட கேட்டுச் சொல்றேன் சிஸ்டர்" என்பார்கள். இப்போது அட்மிஷன் போடும்போதே பக்கத்து வீட்டு நம்பரும் வாங்குகிறோம். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருப்பதாகவே சொல்வார்கள். "தையல் போட்ட இடத்துல தண்ணி கசிஞ்சுச்சாம்மா? வேற டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்று கேட்டால்தான் விவரம் வரும்.

போன் போட ஆரம்பித்த மாதமே எங்கள் விகிதம் ஏறியது. அந்த எண்ணை அப்போது வேறோர் ஆஸ்பத்திரியோடு வைத்திருந்தால் தியேட்டர் சிஸ்டர்கள்மேல் பழி விழுந்திருக்கும், அடுத்த மாதம் போனும் நின்றிருக்கும். என் முடிவுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒப்பீடு பொருந்துகிற இடமும் மதுரையிலேயே இருக்கிறது. 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் பெரும் எண்ணிக்கையில் நடக்கிறது. ஒரே ஆபரேஷன், ஒரே அளவுகோல் என்றால் டாக்டருக்கு டாக்டர் ஒப்பிடலாம். எங்களுக்கு மாதம் 60 கேஸ். அதிலேயே சிசேரியன், குடல்வால், எலும்பு எல்லாம் கலந்திருக்கும். ஒருவருக்குச் சீழ் வைத்தால் 1.7 சதவீதம், இருவருக்கென்றால் 3.3. அதனால் ஒரு மாதத்தை வைத்து யாரையும் எதுவும் சொல்வதில்லை. ஆறு மாதக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்க்கிறோம்.

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி போல, மற்ற இடங்களில் கைவிட்ட நோயாளிகளையும் ஏற்கும் பெரிய இடங்களுக்கு இந்த வழி போதுமா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. ஐ.சி.யூ. கணக்கும் நான் பார்த்ததில்லை.

சுற்றுவட்டாரத்தில் இன்னோர் ஆஸ்பத்திரியும் 30ஆம் நாள் போன் போட்டு, இதே கேள்விகளைக் கேட்க ஆரம்பிக்கட்டும். எங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்காரத் தயாராக இருக்கிறேன்.