கருப்பு பிரைமர் அடித்த கலப்புப் படையை வாங்குவதற்கு முன்

"பல கம்பெனி உருவங்கள் கலந்தது, கையால் கன்வெர்ட் செய்தது (வெட்டி ஒட்டி மாற்றியது), பெயின்ட் மட்டும்தான் பாக்கி." இப்படிச் சொல்லி, மேஜைப் போர் விளையாட்டுக்கான சிற்றுருவங்கள் கொண்ட ஓர் ஓர்க் (கற்பனைக் கதை அரக்கர்) படையை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். படங்களில் எல்லாமே கருப்பு பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. எது பிளாஸ்டிக், எது ரெசின் (வார்த்தோ அச்சிட்டோ இறுகச் செய்யும் பிசின்), எது உலோகம் என்பதை அந்தக் கருப்பு அப்படியே மறைத்துவிட்டது.

பெட்டியைத் திறந்தபோதே பாதிக் கைகள் கழன்று கிடந்தன. பாலிஸ்டைரீன் (வழக்கமான மாடல் பிளாஸ்டிக்) உடலில் ரெசின் கைகளைப் பிளாஸ்டிக் சிமென்டால் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒட்டுவது. ரெசினிலும் உலோகத்திலும் பிடிக்காது. அங்கே சூப்பர் க்ளூதான். கனமான உலோகக் கை என்றால் 1 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பியும் செருக வேண்டும். சரி, இது திருத்தக்கூடிய கோளாறு.

படையில் இருந்த பெரிய ட்ரோல் (பூத உருவம்) அப்படியில்லை. உள்ளே வெற்றிடமான 3டி பிரிண்ட், வடிகால் துளை ஒன்றுகூடக் கிடையாது. கழுவாத திரவ ரெசின் உள்ளேயே தங்கியிருந்தது. முதுகில் மயிரிழை விரிசல், அதைச் சுற்றிப் பிரைமர் ஈரமாக மினுங்கியது, பிசுபிசுத்தது. இதை வெறுங்கையால் தொடவே கூடாது, தோலில் ஒவ்வாமை வரும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணில் படாத இடத்தில் மேலும் கீழுமாக 3 மி.மீ. துளை இரண்டு போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் உட்புறத்தைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, சின்ன 405 நா.மீ. (ஊதா ஒளி) எல்.இ.டி.யைத் துளைக்குள் விட்டு மிச்ச ரெசினை இறுகச் செய்யலாம். விரிசல் பெரிதாகிவிட்டால் அதுவும் பயன்படாது. கழுவிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

பிரைமரைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் அதிலும் சிக்கல். அசிட்டோன் உலோகத்தை ஒன்றும் செய்யாது, பாலிஸ்டைரீனையோ குழைத்துவிடும். ஒரே உருவத்தில் மூன்று பொருள் கலந்திருந்தால், அவற்றில் எது நலிந்ததோ அதற்கு ஒத்துவரும் திரவத்தைத்தான் எடுக்க முடியும்.

'ஓல்ட் வேர்ல்ட் (வார்ஹேமர் போர் விளையாட்டு) ஆட்டத்துக்கு உடனே இறக்கலாம்' என்று விற்றவர் சொன்னதும் பொய். 2024-இல் வந்த அந்த விதிகளில் சாதாரண ஓர்க் காலாட்படைக்கு 30 மி.மீ. சதுர பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு). வந்தவை பழைய 25 மி.மீ. ஐந்து பேர் வரிசை 150 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 125 தான் வருகிறது. கால்களை கிரீன் ஸ்டஃபில் (இறுகும் எபாக்ஸி மாவு) புதைத்திருந்ததால், பெயர்த்தால் கணுக்கால் முறிகிறது. இடைவெளி விட்ட மூவ்மென்ட் ட்ரே (வரிசையை மொத்தமாக நகர்த்தும் தட்டு) செய்து சமாளிப்பதே நல்லது.

பணம் கொடுக்கும் முன் பிரைமர் அடிக்காத நிலையில் எடுத்த படங்களைக் கேளுங்கள். பேஸின் அடிப்பக்கத்தை அளவுகோலோடு காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெரிய உருவமும் எந்தப் பொருள், வெற்றிடமா, வடிகால் துளை உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கையில் வந்ததும் பேஸுக்கு அடியில் கத்தியால் லேசாகச் சீவிப் பாருங்கள்: பாலிஸ்டைரீன் சுருளாக வரும், ரெசின் பொடியாக உதிரும். அந்தப் பொடியை மூச்சில் இழுக்காதபடி முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில், "கன்வெர்ட் செய்ததைத் திரும்ப எடுப்பதில்லை." விற்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.