நெல்லுக்கு உதவும் பாக்டீரியா: 16எஸ் போதுமா, முழு மரபணுத்தொகுதி வேண்டுமா?

நெல் வேரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாயிற்று. தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்காத ஊடகத்திலும் வளர்கிறது, நாற்றை அதில் நனைத்து நட்டால் வேர் அடர்த்தியாகிறது. இனி அதன் டிஎன்ஏவைப் படிக்க வேண்டும். மலிவான வழி, 16எஸ் மரபணுவை மட்டும் படிப்பது. அடுத்தது, மரபணுத்தொகுதி முழுவதையும் சிறு துண்டுகளாகப் படிப்பது. மூன்றாவது, நீளத் துண்டுகளாகப் படிப்பது.

16எஸ் என்பது புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்என்ஏவுக்கான ஒரு மரபணு, சுமார் 1,500 எழுத்து (டிஎன்ஏவின் ஓர் அலகே ஓர் எழுத்து). எல்லா பாக்டீரியாவிலும் இருப்பதால் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரிந்துவிடும். ஆனால் நெல்லுக்கு வேண்டியது பெயர் அல்ல, வேலை. ஒரே பெயர் கொண்டவை எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை.

சீன நெல்வயலில் கிடைத்த சூடோமோனாஸ் ஸ்டட்ஸெரி ஏ1501 இதற்கு நல்ல சாட்சி. அதன் மரபணுத்தொகுதி 2008இல் வெளியானது, ஏறத்தாழ 45.7 லட்சம் எழுத்து. காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் நிஃப் மரபணுக்கள் அதில் சுமார் 49,000 எழுத்து நீளமுள்ள ஒரு தீவில் அடைந்திருக்கின்றன. வேறெங்கிருந்தோ வந்து குடியேறிய தீவு. அதே இனத்தின் வேறு பல வகைகளில் அது கிடையாது. 16எஸ் மட்டும் பார்த்தால் எல்லாமே ஸ்டட்ஸெரிதான். (இப்போது பேரினப் பெயரே ஸ்டட்ஸெரிமோனாஸ் என்று மாறிவிட்டது. பெயரை நம்புவோருக்கு இன்னொரு தலைவலி.)

இதைவிடக் கவலை தருவது பர்கோல்டெரியா என்ற பேரினம். வியட்நாம் நெல் வேர்மண்ணில் கண்டெடுத்த பர்கோல்டெரியா வியட்நாமியென்சிஸ் நைட்ரஜனைப் பிடிக்கிறது, வயல் சோதனைகளில் விளைச்சலும் கூடியது. ஆனால் அது செபேசியா என்ற நெருங்கிய இனங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலைத் தாக்கும் கூட்டம் அது. அதே பேரினத்தின் இன்னொரு இனமான பர்கோல்டெரியா குளுமே நெற்கதிரைப் பதராக்குகிறது. செபேசியா கூட்டத்துக்குள் 16எஸ் வேறுபாடு மிகச் சொற்பம். முழுத் தொகுதிகளை ஒப்பிட்டு, ஒற்றுமை சுமார் 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறு இனம் என்று பிரிப்பதே பாதுகாப்பு. வயலில் தெளிக்கப்போகும் ஒன்றை 16எஸ்ஸோடு விடுவது என் கணக்கில் பொறுப்பின்மை.

சரி, முழுத் தொகுதிதான். சிறு துண்டா, நீளத் துண்டா?

இலுமினா வகைக் கருவிகள் 150 முதல் 300 எழுத்து வரை படிக்கும். எழுத்துப் பிழை குறைவு. நிஃப் உண்டா, எத்திலீன் என்ற தாவர ஹார்மோனின் மூலப்பொருளைச் சிதைத்து வேரின் அழுத்தத்தைத் தணிக்கும் ஏசிசி டிஅமினேஸ் உண்டா, கரையாத மணிச்சத்தைக் கரைக்க உதவும் பிக்யூக்யூ மரபணுக்கள் உண்டா என்ற பட்டியலுக்கு இது போதும். எது எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் தடுமாறும். 16எஸ்ஸும் அடங்கிய ரைபோசோம் ஆர்என்ஏ தொகுப்பு சுமார் 5,000 எழுத்து நீளம், அதுவும் பல நகல்களாக இருக்கும். சிறு துண்டால் அதைத் தாண்ட முடியாது, துண்டுகளைக் கோத்த தொடர் அங்கங்கே அறுந்துவிடும்.

நெல் தண்டுக்குள் வாழும் அசோஸ்பைரில்லம் பி510ஐ எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் 2010இல் வெளியிட்ட கணக்குப்படி மொத்தம் சுமார் 76 லட்சம் எழுத்து, அதில் குரோமோசோம் 33 லட்சம்தான். பாதிக்கு மேல் ஆறு பிளாஸ்மிட்களில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே உள்ள தனி டிஎன்ஏக்களில், கிடக்கிறது. நமக்கு வேண்டிய மரபணு பிளாஸ்மிட்டில் இருந்தால், தலைமுறை தலைமுறையாக வளர்க்கும்போது அது தொலைந்துபோகலாம், அண்டை பாக்டீரியாவுக்கும் தாவலாம். உயிர் உரம் தயாரிப்பவருக்கு இது சின்ன விஷயமா?

நானோபோர், பேக்பயோ என்ற நீளத் துண்டுக் கருவிகளின் துண்டுகள் பல ஆயிரம் எழுத்து நீளம், வட்டமான டிஎன்ஏவை வட்டம் மூடும்வரை கோத்துவிடலாம். டிஎன்ஏவை நுண்துளை வழியே இழுத்துப் படிக்கும் நானோபோரின் பலவீனம், ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடத்தில் எண்ணிக்கை தவறுவது. ஓர் எழுத்து நழுவினாலும் மும்மூன்றாகப் படிக்கும் வரிசை குலைந்து, நல்ல மரபணு உடைந்ததுபோல் தெரியும். புதிய துளைகளில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது. நீளத் துண்டால் கோத்து, சிறு துண்டால் பிழை திருத்துவதே என் தேர்வு. ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நீளத் துண்டு.

வேரை அப்படியே அரைத்து மொத்த டிஎன்ஏவையும் படிக்கும் மெட்டாஜீனோம், ஊடகத்தில் வளராதவற்றையும் காட்டும். ஆனால் வேருக்குள் பெரும்பகுதி நெல்லின் டிஎன்ஏதான்: நெல்லுக்கு 39 கோடி எழுத்து, பாக்டீரியாவுக்கு 50 லட்சம். உரமாக்க உயிருள்ள பாக்டீரியாவும் கையில் மிஞ்சாது. நூற்றுக்கணக்கான மாதிரிகளில் கூட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்க மட்டும் 16எஸ்ஸே கெட்டி. அங்கும் நெல்லின் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் தங்கள் 16எஸ்ஸைக் கொண்டுவந்து நுழைக்கும்.

எந்த வழியில் படித்தாலும் மரபணு இருப்பதுதான் தெரியும், வேலை செய்வது தெரியாது. அம்மோனியம் நிறைந்த வயலில் நிஃப் மரபணுக்கள் அணைந்தே கிடக்கும். அதைத் தீர்த்துவைக்க, நிஃப் நீக்கிய வகையையும் நீக்காத வகையையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் நாற்றுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.