மொய் நோட்டில் வைத்துப் பார்த்தால் அமெரிக்கா பெரியதா, நார்வே பெரியதா?

பேராவூரணிப் பக்கம் ஆனி, ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்துப் பந்தல்கள் வரிசையாக எழும்பும். போன ஆடியில் பெரியப்பா வைத்த விருந்தில் மொய் எழுதும் மேசையில் என்னை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணித் தொகையைச் சொல்வார். ஊர், பெயர், தொகை என்று நான் எழுத வேண்டும். மதியத்துக்கு மேல் இரண்டு பேர் அடுத்தடுத்து வந்தார்கள். ஒருவர் அரிசி ஆலைக்காரர், 20,000 எழுதினார். அடுத்தவர் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர், 2,000 எழுதினார். இரவு நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்த பெரியப்பா அந்த 2,000இல் விரலை வைத்து, “இது அவனுக்கு ரொம்பப் பெருசு தம்பி. அவன் வீட்டு விசேஷத்துக்கு மறக்காமப் போகணும்” என்றார்.

பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் வளர்ச்சி உதவிக்கும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. ஓ.இ.சி.டி. என்கிற பணக்கார நாடுகளின் அமைப்பு அதை ஆண்டுதோறும் எழுதி வெளியிடுகிறது. அதை எந்த வரிசையில் படிப்பது என்பதில்தான் சண்டையே. தொகையை வைத்தா, கொடுப்பவரின் வருமானத்தை வைத்தா?

தொகையை வைத்துப் படித்தால் 2024ஆம் ஆண்டின் முதற்கட்டக் கணக்கில் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. சுமார் 6,330 கோடி டாலர். அடுத்து ஜெர்மனி 3,240 கோடி, பிரிட்டன் 1,800 கோடி, ஜப்பான் 1,680 கோடி, பிரான்ஸ் 1,540 கோடி. நார்வே எங்கேயோ கீழே, சுமார் 520 கோடியில் நிற்கிறது. அந்த அமைப்பின் உதவிக் குழுவில் உள்ள நாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்ததே 21,200 கோடி டாலர்தான். அதில் பத்தில் மூன்று பங்கு அமெரிக்காவுடையது.

சரி, இப்போது பெரியப்பாவின் கண்ணால் பார்ப்போம். ஒவ்வொரு நாட்டின் தேசிய வருமானத்தையும் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நார்வே 1 ரூபாய் 2 காசு கொடுத்திருக்கிறது. லக்ஸம்பர்க் 1 ரூபாய். சுவீடன் 79 காசு, டென்மார்க் 71 காசு. ஜெர்மனி 67, பிரிட்டன் 50, பிரான்ஸ் 48, ஜப்பான் 39. அமெரிக்கா 22 காசு. ஆள் தலைக்குப் பிரித்தாலும் இதே கதைதான்: நார்வேக்காரர் ஒருவருக்கு 900 டாலருக்கு மேல் வருகிறது, அமெரிக்கர் ஒருவருக்கு 190 டாலர்கூட வரவில்லை.

100 ரூபாயில் 70 காசு தர வேண்டும் என்ற கணக்கு நேற்று வந்ததில்லை. பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970 அக்டோபரிலேயே தீர்மானம் போட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் 2024இல் அந்தக் கோட்டைத் தாண்டியவை மேலே சொன்ன முதல் நான்கு நாடுகள் மட்டும்தான். மொத்தக் கூட்டத்துக்கும் சராசரி 33 காசு. எழுதிக் கொடுத்த வாக்கில் பாதிகூட வரவில்லை என்பதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

ஆனாலும் தொகையை ஒதுக்கிவிட முடியாது. விகிதம் கொடுப்பவரின் மனசைக் காட்டும். வாங்குகிறவர் வீட்டில் அடுப்பு எரிவது தொகையால். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1ஆம் தேதியோடு அந்த உதவியைக் கையாண்ட யுஎஸ்எய்ட் அமைப்பு இழுத்து மூடப்பட்டது. அந்த இடத்தை நிரப்ப நார்வே தன் பங்கை இரட்டிப்பாக்கினாலும், அதனால் கூடுதலாக வருவது அமெரிக்கா 2024இல் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. 22 காசுதான் என்றாலும் ஆப்பிரிக்காவில் எத்தனையோ ஊர்களில் எச்.ஐ.வி. மாத்திரை அந்தக் காசில்தான் வந்துகொண்டிருந்தது. நம் தமிழ்நாட்டிலும் 1995 முதல் எய்ட்ஸ் தடுப்புக்கு ‘ஏபேக்’ திட்டம் நடந்தது அமெரிக்கப் பணத்தில்தான்.

அமெரிக்க உதவி என்றதும் பெரியப்பாவுக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்து உப்புமா. 1960களில் மதிய உணவுக்கு ‘கேர்’ என்ற தொண்டு அமைப்பு வழியாக அமெரிக்காவிலிருந்து பால் பவுடரும் கோதுமை ரவையும் வந்தன. நெல் விளையும் ஊரில், வீட்டில் பழையதுகூடக் கிடைக்காத பிள்ளைகள் அந்த உப்புமாவுக்காகவே பள்ளிக்கூடம் வந்ததாகச் சொல்வார். அந்தப் பிள்ளைகளில் அவரும் ஒருவர். அந்தக் கோதுமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது அமெரிக்க விவசாயி விற்க முடியாமல் மிஞ்சிய தானியம். உணவு உதவியில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்று 1954 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. கொடுத்த பணத்தில் ஒரு பகுதி கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பிவிடுகிறது. சாப்பிட்ட பிள்ளைக்கு வயிறு நிறைந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பிடும்போது இந்தக் கழிவையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கழிவு என்றால் ஐரோப்பாவிலும் உண்டு. தங்கள் நாட்டுக்குள் வந்து சேர்ந்த அகதிகளுக்கு முதல் ஓராண்டில் ஆகும் செலவையும் உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. அகதிக்குச் சோறு போடுவது நல்ல காரியம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்தப் பணம் ஏழை நாட்டு எல்லையைத் தொடுவதே இல்லை. பிரிட்டன் 2023இல் உதவி என்று காட்டிய தொகையில் கால் பங்குக்கு மேல் இப்படி பிரிட்டனுக்குள்ளேயே செலவானது. 0.7 சதவீதத்தை 2015இல் சட்டமாகவே போட்ட நாடு அது. 2021இல் 0.5 ஆக்கினார்கள், 2027க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஜெர்மனி 2023இல் 70 காசுக் கோட்டைத் தாண்டி நின்றது, மறு ஆண்டே 67க்கு இறங்கிவிட்டது. சுவீடன்கூட வருமானத்தில் 1 சதவீதம் என்ற தன் பழைய வழக்கத்தை 2022இல் வந்த அரசோடு கைவிட்டது.

சீனாவை இந்த வரிசையில் உட்காரவைக்க முடியவில்லை. அது இந்த நோட்டில் எழுதுவதில்லை, கொடுப்பதிலும் பெரும்பகுதி வங்கிக் கடன்.

டெல்டாவில் நின்று பார்க்கும்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒப்பீடு ஜப்பானுக்கும் டென்மார்க்குக்கும் இடையில் இருப்பது. தொகையில் ஜப்பான் பல மடங்கு பெரியது. 1958இல் ஜப்பான் தன் முதல் யென் கடனைக் கொடுத்ததே இந்தியாவுக்குத்தான். பின்னாளில் தில்லி மெட்ரோவுக்கும் அப்படிப்பட்ட கடன் வந்தது. சென்னை மெட்ரோவின் முதல் கட்டச் செலவில் பாதிக்கு மேல் அதே வழியில் வந்தது. வட்டி குறைவு, தவணை முப்பது, நாற்பது ஆண்டு. இருந்தாலும் கடன் கடன்தான். ஜப்பான் நேரடியாக நாடுகளுக்குக் கொடுப்பதில் பாதிக்கு மேல் இப்படித் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். 2018 முதல் கடனில் ‘கொடை’ என்று கணிக்கப்படும் பகுதியை மட்டும் உதவியாகச் சேர்ப்பதால் கணக்கு முன்பைவிடக் கொஞ்சம் நேர்மையாகியிருக்கிறது.

டென்மார்க்குக்கும் நமக்கும் பழக்கம் பழையது. 1620இல் தரங்கம்பாடியில் வியாபாரத்துக்கு வந்து கோட்டை கட்டியவர்கள், 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் 1986இல் வேறு விதமாக வந்தார்கள். டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவிப் பிரிவான டானிடாவின் நிதியில் தமிழ்நாடு வேளாண்மைத் துறை ‘தான்வா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வயலில் வேலை செய்யும் பெண்களுக்கு அவரவர் ஊரிலேயே 5 நாள் பயிற்சி. அதுவரை அலுவலர்கள் ஊருக்கு வந்தால் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போவார்கள். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களையெடுப்பதும் பெண்கள். விதையைப் பற்றிப் பேசுவது மட்டும் ஆண்கள்.

என் சித்தி அந்தப் பயிற்சிக்குப் போனவர். விதை விடும் சமயம் வந்தால் இன்றைக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து, கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைப்பார். நடுவே ஒரு முட்டையை விட்டுப் பார்ப்பார். முட்டை அடியில் கிடந்தால் இன்னும் ஒரு கை உப்பு. அது மேலே எழும்பி, நாலணா அகலத்துக்கு வெள்ளை தெரிந்ததும் கையை நிறுத்திவிட்டு விதை நெல்லைக் கொட்டுவார். மிதக்கிற கருக்காயை வழித்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, அடியில் தங்கியதை இரண்டு மூன்று தண்ணீரில் உப்புப் போக அலசி எடுப்பார். பக்கத்துத் தெருவில் ஆறேழு வீட்டுப் பெண்கள் இதை அவரிடம்தான் கற்றார்கள். ஒரு பைசா திருப்பிக் கட்ட வேண்டாத பணம், ஒரு வாளித் தண்ணீராக இத்தனை ஆண்டு நிற்கிறது. மெட்ரோவோடு இதை எந்தக் கணக்கில் ஒப்பிடுவது? தொகைப் பட்டியலில் இது கண்ணுக்கே தெரியாது. என்னைக் கேட்டால் டென்மார்க்கை ஜப்பானுக்கு மேலே எழுதுவேன்.

அந்தத் திட்டம் 2003இல் முடிந்தது. அதே ஆண்டில்தான் ஜப்பான், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் தவிர மற்ற அரசுகளிடம் நேரடி உதவி வேண்டாம் என்று இந்திய அரசு முடிவெடுத்தது. மறு ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி நாகப்பட்டினத்தை வாரிக்கொண்டு போனபோதும் பிற நாட்டு அரசுகளின் உதவியை முதலில் வேண்டாம் என்றார்கள். இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நம் கப்பல்கள் உதவியோடு போயின. மறுகட்டுமானத்துக்கு உலக வங்கிக் கடனும் ஆசிய வளர்ச்சி வங்கிப் பணமும் வந்தன. கொடையை மறுத்துக் கடனை ஏற்றது சரியா என்பதில் எனக்கு இன்னும் மனசு சமாதானம் ஆகவில்லை. கடைமடையில் கடல் நீர் ஏறும் வெண்ணாற்றுப் பகுதிக்கும் வந்தது கடன்தான்: அடப்பாறு, அரிச்சந்திரா நதி, பாண்டவையாறு, வெள்ளையாறு இவற்றைச் சீரமைக்க 2016இல் ஆசிய வளர்ச்சி வங்கி ஒப்புக்கொண்ட 10 கோடி டாலர். அந்த வங்கியில் பெரிய பங்குகள் ஜப்பானுடையதும் அமெரிக்காவுடையதும். கடல் மட்டம் உயர நம் கடைமடைக்காரர் செய்த பங்கு என்ன? பெரும்பங்கு புகை விட்ட நாடுகள் அந்தச் செலவைக் கடனாக எழுதுவதை உதவி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நம்மையும் இதே நோட்டில் எழுதிப் பார்ப்பதுதான் முறை. 2025-26 பட்ஜெட்டில் வெளிநாடுகளுக்கான உதவிக்கு இந்தியா ஒதுக்கியது சுமார் 5,480 கோடி ரூபாய். அதில் பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி. நம் வருமானத்தை 100 ரூபாய் என்று வைத்தால் மொத்த ஒதுக்கீடும் 2 காசுக்குள்தான். நாம் இன்னும் கடன் வாங்குகிற வீடு என்பதால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சில சமயம் தொகையைவிட வேளைதான் பெரியதாக இருக்கிறது. 2022இல் இலங்கையில் அரிசிக்கும் பால் பவுடருக்கும் வரிசையில் நின்றபோது, தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்தும் அறிவித்து, மே மாதமே முதல் கப்பலை அனுப்பியது. மதிப்பு 123 கோடி ரூபாய். உலகக் கணக்கில் அது ஒரு புள்ளி. பால் பவுடர் வாங்கிப் படித்த பெரியப்பா அன்று தொலைக்காட்சியில் அந்த மூட்டைகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, மறு ஆண்டு ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். அந்தப் பக்கத்துத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா முதலில் பேசியது கடன். 2024இல் அதை மாற்றி, 6 கோடியே 15 லட்சம் டாலரையும் கொடையாகவே தருவதாகச் சொல்லிவிட்டது.