ஏலியன் ஐசொலேஷனா, ரெசிடென்ட் ஈவில் 2ஆ?

2014இல் வந்த ஏலியன் ஐசொலேஷன், 2019இல் கேப்காம் நிறுவனம் மறு உருவாக்கம் செய்த ரெசிடென்ட் ஈவில் 2. இரண்டும் திகில் வீடியோ கேம்கள், இரண்டுமே நன்றாகப் பயமுறுத்துகின்றன, ஆனால் வழி வேறு.

ஏலியனில் நம்மை வேட்டையாடும் வேற்றுலக ஜந்துவைக் கொல்லவே முடியாது. நெருப்பு பீய்ச்சி விரட்டலாம், அவ்வளவுதான். அதை இயக்கும் நிரலில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்குக்கு நாம் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் ஜந்துவிடம் ஏறத்தாழ எந்தப் பக்கம் என்று மட்டும்தான் சொல்லும். மீதியை அது பார்த்தும் கேட்டும் தானே தேட வேண்டும். ரொம்ப நேரம் நம்மை நெருக்கிவிட்டால், மேலடுக்கே அதைச் சற்று விலக்கி வைக்கும். அந்த இடைவெளி இல்லையென்றால் பயம் வெறும் எரிச்சலாகிவிடும். அசைவைக் காட்டும் கருவியின் ஒலிகூட அருகில் இருக்கும் ஜந்துவுக்குக் கேட்கும் என்பது அபாரமான யோசனை!

ரெசிடென்ட் ஈவிலில் பயம் கணக்கிலிருந்து வருகிறது. தொடக்கத்தில் பையில் 8 இடங்கள்தான். தோட்டாவைச் செலவழித்து ஜாம்பியை வீழ்த்துவதா, ஒதுங்கி ஓடிவிட்டு, திரும்பும்போது மறுபடி சந்திப்பதா? ஒருவழியாகப் பாதையைத் திட்டமிட்டு முடித்தால், நம்மை விடாமல் துரத்தும் ராட்சதன் மிஸ்டர் எக்ஸின் காலடி சுவருக்கு அப்பால் கேட்கும். சரி, திட்டம் போச்சு.

பயத்தில் ஏலியனுக்கே என் ஓட்டு. சமநிலையில் ரெசிடென்ட் ஈவில் மேல், ஏலியனின் பிற்பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. இந்த வகைக்குப் புதியவர் ரெசிடென்ட் ஈவிலில் தொடங்கலாம், ஆனால் ஹார்ட்கோர் என்ற கடின நிலை வேண்டாம். அதில் ஆட்டத்தைச் சேமிக்கவே தட்டச்சுப் பொறிக்கான மை ரிப்பன் தேட வேண்டும்.