நாலறை வீவக வீட்டில் நாலாண்டு: தாங்கியவை, தாங்காதவை

கருவிகளைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே எழுதப்படுகின்றன. பெட்டி பிரித்த புதிதில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். சிங்கப்பூரில் ஒரு பொருளின் குணம் தெரிய இரண்டு வருடமாவது ஆகவேண்டும். விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் இங்கே 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகல் 60-ஐ ஒட்டி இறங்கினால் அதுதான் நமக்கு வறட்சி. இதோடு தடித்த கான்கிரீட் சுவர், இரவில் ஏர்கான், பகலில் திறந்த ஜன்னல். பொருளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் அது வீட்டில் எங்கே இருந்தது என்று பார்ப்பது நல்லது. கீழே வரும் கோளாறுகளில் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் வைஃபை. 1990களின் பிற்பகுதி முதல் கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது பதுங்கும் அறை, உண்டு. கம்பி கட்டிய கனமான கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. அதை ஸ்டோர்ரூமாக்கி, வயரெல்லாம் கண்ணில் படவேண்டாம் என்று ரவுட்டரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், எத்தனை நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய ரவுட்டரும் படுக்கையறைக்கு எட்டாது. வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கசியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்குத்தான் இருக்கும். ஃபைபர் முனை ஷெல்டருக்குள்ளேயே வந்திருந்தால் ஓஎன்டி (ஃபைபர் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி) உள்ளே கிடக்கட்டும், ரவுட்டர் மட்டும் வெளியே வரவேண்டும். ஷெல்டர் சுவரை இஷ்டப்படி குடைய விதி இடம் தராது. தட்டையான கேட் 6 நெட்வொர்க் கேபிளைக் கதவுநிலையை ஒட்டி வெளியே எடுப்பதுதான் நடைமுறை வழி. ஆனால் கதவை இறுக்கிச் சாத்தும் பழக்கமுள்ள வீட்டில் அந்தக் கேபிள் நசுங்கும்.

நசுங்கிய கேபிளுக்கு ஓர் அடையாளம் உண்டு: வேகச் சோதனையில் எண்ணிக்கை 94 எம்பிபிஎஸ் அளவில் ஆணியடித்தாற்போல் நின்றுவிடும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு உள்ளிருக்கும் நான்கு இணைகளும், அதாவது எட்டு வயரும், வேலை செய்யவேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு இணை போதும். மற்ற இரண்டு இணைகளில் ஒரு வயர் போனால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடுகிறது. சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டு அரை மணி நேரம் காத்திருக்குமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, ஓஎன்டியில் எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் கம்பி அலமாரிக்குப் பின்னால் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி இழை, கூர்மையாக மடக்கினால் ஒளி வெளியேறிவிடும்.

மெஷ் (வைஃபையை வீடு முழுதும் பரப்ப ஒன்றோடொன்று பேசும் பெட்டிகள்) வாங்குவோர் செய்யும் தவறு, சிக்னல் இல்லாத அறையிலேயே இரண்டாவது பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது. அந்த இடத்தில் அதற்கே சிக்னல் கிடைக்காது. கிடைக்காததை அது எப்படிப் பகிரும்? பாதி வழியில், முதல் பெட்டியை நேராகப் பார்க்கும் இடத்தில் இருக்கவேண்டும். அளந்து வைப்பது எளிது. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் ஆர்எஸ்எஸ்ஐ எண் தெரியும்; அது சிக்னலின் பலம், பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது. ஆண்ட்ராய்டில் இதற்கென்றே இலவசச் செயலிகள் உள்ளன. -50-ஐ ஒட்டி இருந்தால் அருமை, -67 வரை வீடியோ அழைப்பு தாங்கும், -75-ஐத் தாண்டினால் முகம் உறையும். நாலறை வீட்டுக்கு இரண்டு பெட்டி போதும். மூன்றாவதைச் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும், கைப்பேசியும் எதைப் பிடிப்பது என்று தடுமாறும். புதிய பிடிஓ (முன்பதிவின்பேரில் வீவக கட்டித்தரும்) வீடுகளில் அறைக்கு அறை டேட்டா பாயின்ட், அதாவது சுவரில் நெட்வொர்க் கேபிள் செருகும் துளை, வருகிறது; இரண்டு பெட்டிகளையும் அதன்வழி கேபிளால் இணைத்தால் மெஷ்ஷின் குறைகளில் முக்கால்வாசி அன்றே தீரும்.

"திடீரென்று ஒரு நிமிடம் வைஃபை காணாமல் போய், தானாகவே திரும்பி வருகிறது." விமானநிலையங்களுக்குப் பக்கத்துப் பேட்டைகளில் இந்தப் புகார் வந்தால் ரவுட்டரைச் சந்தேகிக்குமுன் அது எந்தச் சேனலில் (அலைவரிசையின் எண்ணிட்ட பகுதியில்) ஓடுகிறது என்று பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாரோடு பங்கிட்டவை. ரேடார் அலையென்று எதையாவது உணர்ந்தால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும். அதே வகையில் இன்னொரு சேனலுக்குப் போனால் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்டபிறகே பேசலாம். காணாமல் போகும் அந்த ஒரு நிமிடம் இதுதான். அமைப்பில் 'ஆட்டோ' என்றிருப்பதை எடுத்துவிட்டு 36 அல்லது 149 என்று நிலைநிறுத்தி, சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் நின்றுவிடும். 36-இல் தொடங்கி அகலத்தை 160 ஆக்கினால் பாதி மறுபடியும் ரேடார் பகுதிக்குள் போய்விடும், கவனம். 6 கிகாஹெர்ட்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிங்கப்பூரில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த அலை ரவுட்டர் இருக்கும் அறையைத் தாண்டி அதிகம் போகாது.

10 ஜிபிபிஎஸ் (10,000 எம்பிபிஎஸ்) இணையத் திட்டம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஜிபிபிஎஸ் லேன் துளையில் உண்மையில் கிடைப்பது 940 எம்பிபிஎஸ். சாதாரண வைஃபை 6 மடிக்கணினி 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1201 என்று காட்டினாலும் கையில் வருவது 600 முதல் 800 வரைதான். தினமும் பெரிய காணொளிகளை இணையத்தில் ஏற்றி இறக்குபவர் என்றால் சரி. மற்றவர்கள் அந்தக் காசைக் கேபிளுக்குச் செலவிடலாம்.

ஸ்மார்ட் பிளக், ரோபோ வேக்யூம் போன்றவை இணைய மறுத்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: அவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரியும், டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை புரியாது. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கை (விருந்தினருக்கான தனி வைஃபையை) 2.4-க்கு மட்டும், பழைய டபிள்யூபிஏ2-வில் திறந்து, இவற்றையெல்லாம் அங்கே குடியமர்த்திவிடலாம். வயரில்லா மவுஸ் தடுக்கித் தடுக்கி நகர்ந்தால் கணினியில் செருகியிருக்கும் அதன் டாங்கிளுக்கு (சிறிய யூஎஸ்பி ஏற்பிக்கு) பக்கத்தில் யூஎஸ்பி 3 வன்தட்டு செருகியிருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 3-இன் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. ஒரு முழ நீள யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

அடுத்தது ஈரம். நாலாண்டில் கொடுத்த காசுக்கு முழு மதிப்பும் தந்த பொருள் எது என்றால், டிரை கேபினெட் (உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் மின் அலமாரி) என்று தயங்காமல் சொல்லலாம். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்க 60 விழுக்காட்டுக்கு மேல் ஈரமும், இருட்டும், அசையாக் காற்றும் போதும். கேமராப் பையை அலமாரிக்குள் வைத்தால் மூன்றும் சேர்ந்தே கிடைத்துவிடும். கேபினெட்டை 40 முதல் 50-க்குள் வையுங்கள். 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பர் வளையங்கள் காயும். கதவில் இருக்கும் ஈரமானியை அப்படியே நம்பவேண்டாம். ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்து, சேறுபோல் ஆகுமளவு சில சொட்டு நீர் விட்டு, தனி ஈரமானியோடு ஜிப் பைக்குள் மூடி ஓர் இரவு வைத்தால் அது 75 காட்டவேண்டும். 70 காட்டினால் ஐந்து குறைவு என்று குறித்துக்கொண்டு, அதைக் கேபினெட்டுக்குள் வைத்து ஒப்பிடலாம். ஈரம் இறங்கவே இல்லையென்றால், கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பர் விளிம்பு தளர்ந்திருக்கிறது.

துணி அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைக் கருவிகளோடு வைக்கக் கூடாது. அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. அடியில் சேரும் நீர் வெறும் நீரல்ல, உப்புக் கரைசல். ஒருமுறை கவிழ்ந்தால் உலோகத்தை அரித்துவிடும். சிறிய டப்பாவுக்கு சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறியதும் 110, 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகிவிடும்.

ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்துப் போகும் கேமரா ஏன் வேர்க்கிறது? இங்கே காற்றிலுள்ள ஈரம் நீராகும் வெப்பநிலை 24 டிகிரியை ஒட்டியிருக்கிறது. 22 டிகிரி அறையில் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் வெளிக்காற்று பட்டால் நீர் பூக்கும். ஜிப் பைக்குள் போட்டு மூடி, பையோடு வெளியே கொண்டுபோய், அரை மணி கழித்துத் திறந்தால் போதும். காலையில் ஏர்கானை நிறுத்தி ஜன்னலைத் திறக்கும்போது, அணைந்து கிடக்கும் வன்தட்டுக்கும் இதே கதிதான்.

மவுஸ், டார்ச், பழைய பைனாகுலர் மேலெல்லாம் பூசிவரும் மென்மையான ரப்பர் பூச்சு இரண்டு மூன்று வருடத்தில் பலாப்பிசின்போல ஒட்டத் தொடங்கும். பாலியூரிதேன் ஈரத்தில் சிதைவதால் வருவது அது, அழுக்கு அல்ல. சோப்பு போட்டுத் தேய்த்துப் பயனில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தேய்த்து, பூச்சு முழுவதையும் எடுத்துவிடுங்கள். அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கே போதும். ஹெட்போனின் செயற்கைத் தோல் உறை கறுப்புத் தூளாக உதிர்வதும் இதே காரணத்தால்தான். மாற்று உறை வாங்கும்போது துணி உறையாகப் பாருங்கள். இந்த ஊரில் மென்பூச்சு போட்ட எதையும் வாங்காமலிருப்பதே உத்தமம்.

இயர்பட்ஸில் ஒரு காது மட்டும் சார்ஜ் ஆகவில்லை என்றால் வியர்வை உப்பு தொடுமுனையை அரித்துப் பச்சை படிந்திருக்கலாம். பஞ்சுக்குச்சியில் அதே ஆல்கஹால், இரண்டு நிமிட வேலை. கைப்பேசியின் சார்ஜ் துளையில் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் அரிசியில் புதைக்காதீர்கள். தூளும் மாவும் உள்ளே போகும். துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டி, விசிறிக் காற்றில் அரை மணி வைத்தாலே போதும்.

பேட்டரிக்கு எதிரி சூடும் முழு சார்ஜும் சேர்ந்து இருப்பது. எந்நேரமும் மின்னிணைப்பிலேயே இருக்கும் மடிக்கணினியை 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஏதோ ஒரு மூலையில் அதை வைத்திருக்கின்றன. டிராக்பேடில் கிளிக் கடினமாகிவிட்டதா, மேசையில் வைத்தால் நாலு காலும் பதியாமல் ஆடுகிறதா, உடனே அணைத்து மின்னிணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரி புடைத்திருக்கிறது. அழுத்திப் பார்ப்பதோ குத்திப் பார்ப்பதோ வேண்டவே வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை முனை சார்ஜரைப் பற்றியும் சொல்லவேண்டும். எர்த் துளைக்குள் பேனாவைச் செருகி, மூடியைத் திறந்து, இரண்டு முனையையும் திணிக்கும் வித்தை இங்கே பல வீடுகளில் நடக்கிறது. பிடிப்பு தளர்வாக இருப்பதால் முனை சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். அந்த பிளக்கில் ஃபியூஸும் இல்லை. பாதுகாப்புக் குறி உள்ள அடாப்டர் சில வெள்ளிதான்.

பழைய பேட்டரி, சார்ஜர் எதையும் குப்பைச் சரிவில் போடாதீர்கள். 2021 ஜூலை முதல் பெரிய மின்சாதனக் கடைகளில் மின்கழிவுப் பெட்டி இருக்கிறது. தனி பேட்டரியாக இருந்தால் முனைகளை டேப்பால் மூடிப் போடுங்கள். புடைத்ததை மட்டும் பெட்டிக்குள் போடாமல், பழுது பார்க்கும் கடையில் நேரில் கொடுங்கள்.