ஒரு வருஷ இங்கிலாந்தா, ரெண்டு வருஷ ஜெர்மனியா? காரைக்குடியில இருந்து பேட்டரி படிக்கப் போற புள்ளைங்களுக்கு

எங்க வீட்ல ஆறு மாசமா பேச்சே இதுதான். தம்பி சிக்ரில, அதான் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல, பி.டெக் கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் கடைசி வருஷம், வெளிநாட்டுல போய் மாஸ்டர்ஸ் பண்ணணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். பேட்டரிதான் படிப்பேங்கறதுல அவனுக்கு சந்தேகமே இல்ல, எங்க போய் படிக்கறதுங்கறதுலதான் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தாங்க. அம்மான் (எங்க தாய்மாமன்) இங்கிலாந்துங்கறாக, ஒரு வருஷத்துல முடிஞ்சிரும்ல. அவன் சீனியருங்க எல்லாம் ஜெர்மனி. அப்பச்சிக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, அமெரிக்கா. அப்பத்தாவுக்கு மட்டும் சிங்கப்பூர், ஏன்னா ஐயா (எங்க தாத்தா) அந்தக் காலத்துல கொண்டுவிக்க, அதான் வியாபாரத்துக்கு, போன ஊரு அது, டேங்க் ரோட்டு முருகன் கோயில் பேரைச் சொன்னாலே அப்பத்தா கன்னத்துல போட்டுக்குவாக.

நான் தேவகோட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், அதனால "ஆச்சி, நீயே கணக்கு போட்டு சொல்லு"ன்னு நோட்டை என் கையில குடுத்துட்டான், எங்க பக்கம் அக்காவைத்தான் ஆச்சிம்போம். அந்த நோட்டுல இருக்கறதைத்தான் இங்க எழுதுறேன், நம்ம பக்கத்துல இதே குழப்பத்துல இன்னும் நாலு வீடு இருக்கும்ல.

மொதல்ல ஒரு விஷயம். திருச்சில ஒரு கன்சல்டன்சிக்கு போனோம், பேரு வேணாம். மார்க் ஷீட்டைப் பாத்த பத்தே நிமிஷத்துல மூணு இங்கிலாந்து யுனிவர்சிட்டி பேரை எழுதிக் குடுத்துட்டாங்க. கோர்ஸ் பேருல எல்லாம் எனர்ஜின்னு இருந்துச்சு, தம்பிக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்து ராத்திரி உக்காந்து மாட்யூல் லிஸ்ட்டை, அதான் என்னென்ன பாடம்ங்கற பட்டியலைத் தேடி எடுத்துப் பாத்தா, ஒண்ணுல எட்டு பேப்பர்ல பேட்டரிக்கு அடிப்படையான எலக்ட்ரோகெமிஸ்ட்ரி ஒரே ஒரு பேப்பர், மத்ததெல்லாம் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், எனர்ஜி பாலிசி, அது இதுன்னு. நாலு வருஷம் சிக்ரில படிச்ச புள்ளைக்கு அதுல புதுசா என்ன கிடைக்கும்? அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் போகல. சேத்துவிட்டா கமிஷன் வர்ற யுனிவர்சிட்டி பேரைத்தான் மொதல்ல நீட்டுவாங்கன்னு அப்பறம்தான் புரிஞ்சுது. அதுல இருந்து நாங்க நாட்டைப் பாக்கறதை விட்டுட்டோம், கோர்ஸைப் பாக்க ஆரம்பிச்சோம்.

சரி, இங்கிலாந்து ஜெர்மனி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம். இங்கிலாந்து எம்.எஸ்சி 180 கிரெடிட், அதுல 60 கிரெடிட் ப்ராஜெக்ட், அந்த ப்ராஜெக்ட்டு பெரும்பாலும் கோடை காலத்துல மூணு மாசம் சொச்சத்துக்குள்ள ஓடி முடியணும். ஜெர்மனி எம்.எஸ்சி 120 ஈசிடிஎஸ், அது ஐரோப்பாவோட கிரெடிட் கணக்கு. இங்கிலாந்தோட 180ஐ அந்தக் கணக்குக்கு மாத்துனா 90தான் வரும். ஜெர்மனில கடைசி செமஸ்டர் முழுசும் தீசிஸ், ஆறு மாசம், 30 கிரெடிட். இந்த மூணு மாசத்துக்கும் ஆறு மாசத்துக்கும் உள்ள வித்தியாசம் பேட்டரிக்காரனுக்கு ரொம்பப் பெருசு. ஏன்னா ஒரு செல்லைப் பண்ணி சார்ஜ் டிஸ்சார்ஜ் சைக்கிள்ல போட்டா, நூறு இருநூறு சைக்கிள் ஓடி கெப்பாசிட்டி எவ்வளவு கொறையுதுன்னு தெரியறதுக்கே வாரக்கணக்குல ஆகும், மொத தடவை செல் பெயிலாயிட்டா திரும்ப மொதல்ல இருந்து. மூணு மாசத்துல அவன் மெஷினைக் கத்துக்கிட்டு நிமிரறதுக்குள்ள ரிப்போர்ட் எழுதற தேதி வந்துரும்னு தம்பியோட சாரே சொன்னாரு.

ஆனா இங்கிலாந்தைக் கொறைச்சுச் சொல்லல. லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பேட்டரிக்கு ஆகும்னு 1980ல ஜான் குட்இனஃப்ங்கற விஞ்ஞானி கண்டுபிடிச்சது ஆக்ஸ்ஃபோர்ட்லதான், நம்ம செல்போன் பேட்டரி எல்லாம் அதுல இருந்து வந்தது, 2019ல நோபல் பரிசும் குடுத்தாங்க. ஆராய்ச்சில அவங்க பெரிய ஆளுங்க. ஒரு வருஷ எம்.எஸ்சிக்குள்ள அந்த ஆராய்ச்சியை நம்ம புள்ளை எவ்வளவு தொட முடியும்ங்கறதுதான் என் கேள்வி.

இப்ப பணம். பவுண்டு 115 ரூபான்னும் யூரோ 100 ரூபான்னும் ரவுண்டா வச்சுக்கறேன், நீங்க படிக்கறப்ப கூடக் கொறைய இருக்கும். இங்கிலாந்துல இன்ஜினியரிங் சைடு எம்.எஸ்சிக்கு நம்மகிட்ட வாங்கற ஃபீஸ் பெரும்பாலும் 25,000 பவுண்டுக்கு மேலதான், 25,000னே வச்சாலும் 28 லட்சத்து 75 ஆயிரம். லண்டனுக்கு வெளிய தங்கறதுக்கு விசாவுக்குக் காட்ட வேண்டியது மாசம் 1,171 பவுண்டு வீதம் ஒம்பது மாசத்துக்கு 10,539 பவுண்டு, அது ஒரு 12 லட்சம், இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் அக்கவுண்ட்ல இருக்கணும். அங்க வைத்தியத்துக்குன்னு விசாவோட கட்டற ஹெல்த் சர்சார்ஜ் வருஷத்துக்கு 776 பவுண்டு, ஒரு வருஷ கோர்ஸ்னாலும் விசா அதுக்கு மேல நாலு மாசம் நீளும்ங்கறதால ஒன்றரை வருஷத்துக்குக் கட்டணும், 1,164 பவுண்டு. எல்லாம் கூட்டுனா 42 லட்சம், டிக்கெட்டும் விசா ஃபீஸும் சேக்காமலே.

ஜெர்மனில கவர்மென்ட் யுனிவர்சிட்டில பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்கு சில நூறு யூரோ கட்டணம் மட்டும்தான், பல ஊர்ல பஸ் ரயில் பாஸும் அதுக்குள்ளயே வந்துரும். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ போடணும், கிட்டத்தட்ட 12 லட்சம். அதைப் பாத்து அப்பச்சி மொதல்ல பயந்துட்டாக, ஆனா அது யாருக்கும் கட்டற ஃபீஸ் இல்ல, புள்ளை அங்க போனதும் மாசம் 992 யூரோவா அவனுக்கே திரும்பி வரும், அவன் சாப்பிட்டு வாடகை கட்டற காசு. ரெண்டாவது வருஷத்துக்கு கொஞ்சம் சம்பாதிக்கவும் முடியும், வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை பாக்கலாம், அதுலயும் லேப்லயே ஹிவின்னு ஒரு ஸ்டூடன்ட் வேலை குடுப்பாங்க, பேட்டரி லேப்ல ஹிவி கிடைச்சா காசும் ஆச்சு படிப்பும் ஆச்சு. இங்கிலாந்துல டெர்ம் நடக்கறப்ப வாரத்துக்கு 20 மணி நேரம், ஆனா ஒரே வருஷத்துல எல்லா பேப்பரையும் அமுக்கி வச்சிருக்கப்ப அந்த 20 மணி நேரத்துக்கு எங்க போறது.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு சங்கடம் இருக்கு, வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. எங்க வீடு தெருவுல இருந்து தெரு வரைக்கும் இருக்கு, முகப்பு, பட்டாலை, ரெண்டு வளவு, பர்மா தேக்குத் தூணு எல்லாம் இருக்கு. பாக்கறவங்க "இவ்வளவு பெரிய வீட்டை வச்சுக்கிட்டு லோனுக்கு என்ன கவலை"ங்கறாங்க. அந்த வீட்டுல பதினோரு புள்ளிக்கு, அதான் பதினோரு குடும்பத்துக்குப் பங்கு, எங்களுக்கு ஒரு வீடு அறையும் வெளிய கொஞ்சம் இடமும்தான், பாகம் பிரிச்ச பத்திரம் கிடையாது. பேங்க் மேனேஜர் நல்ல மனுசன், பொறுமையாத்தான் சொன்னாரு, "கிளியர் டைட்டில் இல்லாம இதை அடமானமா எடுக்க முடியாதும்மா." கவர்மென்ட் பேங்க்ல எஜுகேஷன் லோன் பொதுவா 7.5 லட்சத்துக்கு மேல போனாலே சொத்து கேப்பாங்க, பெரிய பேர் உள்ள யுனிவர்சிட்டின்னா சில பேங்க்ல சொத்து இல்லாமலும் தருவாங்க, பிரைவேட்லயும் கிடைக்கும் ஆனா வட்டி கூட. அப்ப ஜெர்மனின்னா 7.5 லட்சம் லோன், மிச்சம் நாலரை லட்சம் அப்பச்சி சேமிப்பு, பிளாக்டு அக்கவுண்ட் நெறைஞ்சிருச்சு. இங்கிலாந்துன்னா 42 லட்சத்துக்கு யாருகிட்ட போய் நிக்கறது, பதினோரு வீட்டுக்காரங்ககிட்டயும் கையெழுத்து வாங்கவா? எங்க வீட்டு முடிவுல பாதி இந்த இடத்துலயே ஆயிருச்சு.

ஜெர்மனின்னு மொத்தமா சொல்றதும் தப்பு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஊல்ம் யுனிவர்சிட்டில எனர்ஜி சயின்ஸ் அண்ட் டெக்னாலஜின்னு இங்கிலீஷ்ல ஒரு எம்.எஸ்சி இருக்கு, அதே ஊருல பேட்டரிக்குன்னே 2011ல ஆரம்பிச்ச ஹெல்ம்ஹோல்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் இருக்கு, தம்பிக்கு அதுமேலதான் கண்ணு. ஆனா ஊல்ம் இருக்கறது பாடன் வுட்டம்பர்க் மாநிலம், அங்க 2017ல இருந்து நம்மள மாதிரி ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்ககிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குறாங்க. நாலு செமஸ்டருக்கு 6 லட்சம், ஜெர்மனி ஃப்ரீன்னு நெனச்சுக்கிட்டுப் போனா அங்க போய் முழிக்கணும். பவேரியால பைராய்த் யுனிவர்சிட்டில பேட்டரி மெட்டீரியல்ஸ் அண்ட் டெக்னாலஜின்னு பேருலயே பேட்டரி இருக்கற கோர்ஸ், மாட்யூல் லிஸ்ட் படிச்சப்ப அவன் மூஞ்சி மலர்ந்துச்சு. அதே பவேரியால மியூனிக் டெக்னிகல் யுனிவர்சிட்டில 2024ல இருந்து வெளிநாட்டுப் புள்ளைங்ககிட்ட மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 இல்லன்னா 6,000 யூரோ வாங்க ஆரம்பிச்சிட்டாங்க, ரூம் வாடகையும் அந்த ஊருல ஜாஸ்தி, அதனால அதை நான் அடிச்சிட்டேன். ஆஹன் யுனிவர்சிட்டி நார்த் ரைன் வெஸ்ட்பாலியா மாநிலம், டியூஷன் இல்ல, ஆனா போட்டி கடுமை.

ஜெர்மனில கஷ்டமும் இருக்கு, மறைக்கக் கூடாது. 2022 நவம்பர்ல இருந்து நம்ம புள்ளைங்களுக்கு, மார்க் ஷீட்டெல்லாம் சரிபாத்துக் குடுக்கற ஏபிஎஸ் சர்டிபிகேட் கட்டாயம், 18,000 ரூபா, வர்றதுக்கு வாரக்கணக்குல ஆகும், அது இல்லாம விசா நகராது. நம்ம சிஜிபிஏவை அவங்க ஒரு ஃபார்முலா போட்டு மாத்துவாங்க, கொறைய வந்தாத்தான் நல்லது. பத்துக்கு 8.5, பாஸ் 5ன்னு வச்சா 1.9 வரும், 7.5னா 2.5. நெறைய கோர்ஸுல 2.5தான் எல்லைக்கோடு, அதுக்கு மேல போனா ஃபைலையே தள்ளி வச்சிருவாங்க, அதனால அரியர் வச்சிருக்கற புள்ளைங்க இதை இப்பவே போட்டுப் பாத்துக்கங்க. அப்பறம் பாஷை. பாடம் இங்கிலீஷ்ல நடக்கும், ஆனா வேலைக்குப் போகணும்னா ஜெர்மன் வேணும், கம்பெனில டீ குடிக்கற எடத்துல இருந்து ஜெர்மன்தான்னு சீனியர் சொன்னான். தம்பி ஜெர்மன்ல மொதப் படியான ஏ1 முடிச்சிட்டான், பரீட்சை எழுத பல்லவன் ரயில்ல சென்னைக்குப் போய் வந்தான், அங்க போறதுக்குள்ள ஏ2வாவது முடிக்கணும்னு சொல்லியிருக்கேன்.

படிச்சு முடிச்சப்பறம் இருக்கற டயம் பத்தி. ஜெர்மனில வேலை தேட 18 மாசம் குடுக்கறாங்க. இங்கிலாந்துல இதுவரை ரெண்டு வருஷம், 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு அதுவும் 18 மாசம்தான். அதாவது இப்ப ஒருத்தன் போய் ஒரு வருஷம் படிச்சு முடிச்சு வர்றப்ப ரெண்டு நாடும் ஒண்ணாயிருச்சு, இங்கிலாந்துல வேலை தேடக் கூடுதல் டயம்னு அம்மான் சொன்ன பெரிய பாயின்ட்டே இங்க போயிருச்சு. ஜெர்மனில அவங்க டிகிரி வச்சு, படிச்சதுக்கு ஏத்த வேலையில ரெண்டு வருஷம் இருந்து ஏ2க்கு அடுத்த படியான பி1 ஜெர்மனும் முடிச்சா நிரந்தரமாத் தங்கறதுக்கே கேக்கலாம்.

எராஸ்மஸ் முண்டஸ்னு ஐரோப்பிய யூனியன் ஸ்காலர்ஷிப் குடுத்து நடத்தற கூட்டு மாஸ்டர்ஸ் திட்டம் பத்தி நம்ம பக்கத்துல யாருமே சொல்லல, நாங்களே தேடிக் கண்டுபிடிச்சோம். பேட்டரிக்குன்னே எம்இஎஸ்சி ப்ளஸ்னு ஒரு கூட்டு மாஸ்டர்ஸ் இருக்கு, பிரான்ஸ்ல அமியான் யுனிவர்சிட்டி தலைமையில, துலூஸ், வார்சா, லுப்லியானான்னு ஊர் மாறி ஊர் போய் படிக்கணும். ஸ்காலர்ஷிப் கிடைச்சா மாசம் 1,400 யூரோ, 24 மாசம், ஃபீஸும் கிடையாது. மொத்தம் 33,600 யூரோ கையில. லோனே வேணாம், வீட்டுப் பத்திரம் பத்தின பேச்சே வேணாம். கிடைக்கறது கஷ்டம்தான், உலகம் முழுக்க இருந்து போடறாங்க, ஆனா சிக்ரி பி.டெக் படிச்ச புள்ளை போடலன்னா வேற யாரு போடறது? கடைசி வருஷம் படிக்கறப்பவே போடலாம், தேதி பெரும்பாலும் வருஷ ஆரம்பத்தோட முடிஞ்சிரும், அதனால தீபாவளி முடிஞ்ச கையோட வேலையைத் தொடங்கிரணும்.

அமெரிக்கா எம்.எஸ் எங்களுக்கு ஆகாது, செலவு இங்கிலாந்தை விட மேல போகுது. ஸ்டெம் (சயின்ஸ், இன்ஜினியரிங் மாதிரி) கோர்ஸுக்கு, படிச்சு முடிச்சு அங்க வேலை பாக்கற அனுமதியான ஓபிடி 12 மாசமும் எக்ஸ்டென்ஷன் 24 மாசமும் சேந்து மூணு வருஷம் கிடைக்குது, அது பெரிய விஷயம்தான், ஆனா அதுக்கப்பறம் ஹெச்1பி வேலை விசாவுக்குக் குலுக்கல், குலுக்கலை நம்பி கடன் வாங்க எனக்கு மனசு வரல. ஆனா பிஎச்டின்னா கதையே வேற, பி.டெக்ல இருந்து நேரா சேரலாம், ஃபீஸ் தள்ளுபடி, மாசாமாசம் ஸ்டைபண்ட். டெக்ஸாஸ் ஆஸ்டின் யுனிவர்சிட்டில பேட்டரி ஆராய்ச்சி பண்ற ஆறுமுகம் மந்திரம் சார் நம்ம தமிழ்நாட்டு கிராமத்துல இருந்து மதுரைல படிச்சு ஐஐடி மெட்ராஸ்ல பிஎச்டி முடிச்சுப் போனவரு, 2019ல குட்இனஃப்க்காக நோபல் லெக்சரை நின்னு குடுத்தவரு. தம்பிகிட்ட இதைத்தான் சொன்னேன், ஆராய்ச்சிதான் உன் வழின்னு உறுதியாத் தெரிஞ்சா அமெரிக்காவுக்கு பிஎச்டிக்குப் போடு, எம்.எஸ்ஸுக்குப் போடாத.

சிங்கப்பூர் நல்ல படிப்பு, வீட்டுக்கும் கிட்ட, ஆனா மாஸ்டர்ஸுக்கு ஃபீஸ் கை நெறைய வேணும். கனடா ஆஸ்திரேலியா ரெண்டையும் நான் ஆழமா பாக்கல, ஆஸ்திரேலியால விசா அப்ளிகேஷனுக்கே 2,000 ஆஸ்திரேலிய டாலர், கனடால ரெண்டு மூணு வருஷமா ரூல் மாறிக்கிட்டே இருக்கு.

இன்னொண்ணு, ஊர்லயே இருக்கறது. 1948ல அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து வந்த சிக்ரி நம்ம வாசல்லயே இருக்கு, பிஎச்டி பண்றவங்களுக்கு கவர்மென்ட் குடுக்கற ஜெஆர்எஃப் உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000 ரூபா, கடன் இல்ல. ஆத்தாவுக்கு, அதான் எங்க அம்மாவுக்கு, இதுதான் ஆசை. தம்பிக்கு வெளிய போய் வேற லேப்ல வேற ஆளுங்ககூட வேலை பாக்கணும்னு இருக்கு, அது நியாயம்தான்.

கடைசியா நோட்டுல நான் எழுதுன வரிசை: மொதல்ல எராஸ்மஸ், அடுத்து பைராய்த், ஊல்ம், ஆஹன், கூடவே அந்த ஜெஆர்எஃப்க்கான நெட் பரீட்சையும் எழுதி வச்சுக்கறது. இங்கிலாந்து ஃபுல் ஸ்காலர்ஷிப் கிடைச்சா மட்டும். அம்மான் ரெண்டு நாள் பேசல, அப்பறம் நானும் அவகளும் உக்காந்து கிரெடிட் கணக்கைப் பக்கம் பக்கமாப் பாத்தோம், "சரி, மூணு மாசத்துல என்னத்தப் படிச்சிரப் போறான்"னு அவகளே சொன்னாக. ஏபிஎஸ்க்கு பேப்பரெல்லாம் போன வாரம் அனுப்பியாச்சு, இப்ப பட்டாலைல உக்காந்து மோட்டிவேஷன் லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கான், ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியா, அந்த மாட்யூல் லிஸ்ட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு.